சதுரக் கண்ணி

நாகப்பட்டினம்
19.01.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தேவயானி எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உங்களுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாளா? பொங்கலுக்கு வர முடியாமல் போனது மனசை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

போனில் நான் எது சொன்னாலும் "சரிம்மா" என்கிறீர்கள். போன வாரம் "காய்ச்சலாக இருக்கிறது" என்றதற்கு "ரொம்ப சந்தோஷம்" என்றீர்கள். சின்ன வயசில் பொன்னுக்குவீங்கி வந்து ஒரு காது போன மனுஷர், இன்னொரு காதை போனில் ஏன் வருத்த வேண்டும்? வாட்ஸப்பிலும் நாலு வார்த்தைக்கு மேல் உங்கள் விரல் போகாது. அதனால் இனி கடிதம்தான்.

அம்மா நம் பிளாக்கில் எல்லாரிடமும் நான் "மீன் ஆபீஸில்" இருப்பதாகச் சொல்கிறாளாம். நான் பார்ப்பது வலை, அப்பா. நேற்றுக் காலை துறைமுகத்தில் ஒரு விசைப்படகு வந்து சரக்கு இறக்கியது. இறால், கணவாய், சங்கரா எல்லாம் தனித்தனிக் கூடையில் போனது. மிச்சம் ஒரு குவியல், என் இடுப்பு உயரத்துக்கு. அதைக் கழிசல் என்கிறார்கள். குனிந்து பார்த்தேன். எல்லாம் குஞ்சு. விரல் நீளச் சங்கரா, நகம் அளவு நண்டு, பேர் தெரியாத கண்ணாடி மாதிரி மீன்கள். நடுவில் ஒரு கடல்குதிரை, வால் சுருண்டபடி. வளர்ந்திருந்தால் எத்தனை படகு நிறையும் என்று நினைத்தபோது எனக்குத் தலை சுற்றியது. எல்லாம் கோழித்தீவனத்துக்குப் போகிறது. குஞ்சுகள் மட்டும் தப்பிக்கிற மாதிரி வலையை மாற்றிக் கட்ட இவர்களைச் சம்மதிக்க வைப்பதுதான் என் வேலை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்,
தேவயானி


நெய்வேலி
02.02.2025

அன்பு மகள் தேவயானிக்கு அப்பா கருப்பசாமி எழுதுவது.

கடவுள் புண்ணியத்தில் நாங்கள் நன்றாக இருக்கிறோம். மூட்டுவலி ஷிப்டுக்குப் போனால் போய்விடும், வீட்டில் உட்கார்ந்தால் வந்துவிடும். காது பரவாயில்லை. காய்ச்சல் விஷயம் அம்மா சொல்லித்தான் தெரிந்தது. மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை அம்மாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். கடல்குதிரை நிஜமாகவே குதிரை மூஞ்சியோடுதான் இருக்குமா என்று கேட்கச் சொன்னாள்.

எனக்கு ஒரு சந்தேகம். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டில் பிறந்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும். ஆனாலும் கேட்கிறேன். வலைக்கு எது குஞ்சு, எது பெரிசு என்று எப்படித் தெரியும்? ஓட்டையைப் பெரிசாக்கினால் எல்லாமே போய்விடாதா? படகுக்காரர்களுக்கும் குடும்பம் இருக்கிறதே.

நான் இங்கே மைன்ஸில் தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன். இன்னும் ஒரு வருஷம் ஓட்டினால் ரிட்டையர்மெண்ட். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு உன் அப்பா


நாகப்பட்டினம்
23.02.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் நலம்தானே? அம்மாவிடம் சொல்லுங்கள், குதிரை மூஞ்சியேதான்.

நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். வீட்டில் வெங்காயம் வருகிற வலைப்பை இருக்கும். அதன் இரண்டு நுனியையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஓட்டைகள், நாங்கள் கண்ணி என்பது, எல்லாம் ஒடுங்கி மூடிக்கொள்ளும். கடலுக்கடியில் மடி இழுபடும்போதும் அதே கதிதான். கண்ணி எத்தனை பெரிசாக இருந்தாலும் இழுக்க இழுக்க மூடிவிடும். மடி என்பது வலையின் வால், மீன் எல்லாம் வந்து சேருகிற பை. அந்த இடத்தில் மட்டும் வலையைத் திருப்பிவைத்து, கண்ணி சதுரமாக நிற்கும்படி கட்டினால் எவ்வளவு இழுத்தாலும் மூடாது. பெரிய மீன் உள்ளே நிற்கும், குஞ்சு நழுவிவிடும்.

இதைக் கேட்டு ஒருவர் சம்மதித்தார். பெயர் சிவக்குமார். சொந்தப் படகு, அவரே ஓட்டுகிறார். சதுரக் கண்ணி மடியைக் கட்டிக்கொண்டு போன வாரம் கடலுக்குப் போனார். அந்தப் படகில் பெண்கள் ஏறுகிற வழக்கம் இல்லை. நான் கரையில் காத்திருந்தேன்.

தோல்வி, அப்பா. குஞ்சும் இல்லை, பெரிய மீனும் பாதிதான். கூட வந்த ஆட்களின் பங்கும் குறைந்துபோனது. சிவக்குமார் கோபப்படக்கூட இல்லை. "மேடம், அடியில என்னா நடக்குதுன்னு நீங்களும் பார்த்ததில்ல, நானும் பார்த்ததில்ல. கண்ணால பார்க்காத விசயத்த ஆளுங்ககிட்ட எப்படிச் சொல்லச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு மடியை அவிழ்த்து என் காலடியில் வைத்துவிட்டுப் போனார். இந்தக் கடலில் அடித்தண்ணீர் கலங்கல். கேமராவை இறக்கினால் பழுப்பு நிறம்தான் தெரிகிறது. வெளிநாட்டில் கண்ணாடித் தொட்டியில் தண்ணீரை ஓடவிட்டு வலையைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். இங்கே அதற்கு எங்கே போவேன்?

மனசு சரியில்லை. அம்மாவிடம் இதை மட்டும் வாசிக்க வேண்டாம்.

தேவயானி


நெய்வேலி
09.03.2025

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். உன் மனசு சுகமில்லை என்று தெரிந்து அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம் வாசிக்கவில்லை. ஆனால் என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

வெங்காயப் பையை இழுத்துப் பார்த்தோம். நீ சொன்னது சரி.

தொட்டி எங்கே என்று கேட்டிருந்தாய். மந்தாரக்குப்பம் தாண்டி, வயல் நடுவில் வாய்க்கால் ஓடுகிறதே, ஞாபகம் இருக்கிறதா? பூமிக்கடியிலிருந்து இறைத்த தண்ணீர் அது. நேற்று சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இந்தக் கோடையிலும் இழுப்பு நன்றாக இருக்கிறது. ஆள் மார்பளவு ஆழம். அடியில் கிடக்கிற கூழாங்கல்லின் நிறம் வரைக்கும் தெரிகிறது. கெண்டைக் குஞ்சுகள் கூட்டமாகத் திரிகின்றன. வலை தண்ணீரை இழுத்தால் என்ன, தண்ணீர் வலையை இழுத்தால் என்ன?

யோசித்து எழுது.

அப்பா


நாகப்பட்டினம்
13.04.2025

அன்புள்ள அப்பா,

நீங்கள் இருவரும் நலம் என்று நம்புகிறேன். பதில் போட இத்தனை நாள் ஆனதற்குக் கோபிக்க வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஆபீஸிலேயே எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் சிவக்குமாரைப் பிடித்துப் பேசுவதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. முதலில் முகம் கொடுக்கவே இல்லை. அவர் மனைவி சத்யாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர்தான், "தடைக்காலத்துல வூட்டுல குந்தி என்னா செய்யப்போற? போய்ப் பார்த்துட்டு வா. இல்லன்னா இல்லன்னு தெரிஞ்சிட்டுப் போவுது" என்று சொல்லி அனுப்பிவைத்திருக்கிறார்.

நாளை மறுநாள் மீன்பிடித் தடை ஆரம்பம். மே மாதம் நடுவில் அவரும், படகில் வேலை பார்க்கிற மூன்று பேரும், பழைய மடி, புது மடி இரண்டையும் மினிலாரியில் ஏற்றிக்கொண்டு என்னோடு வருகிறார்கள். வாய்க்கால் பக்கத்து வயல்காரர்களிடம் அனுமதி கேட்டு வைப்பீர்களா? இரும்பு வளையம் ஒன்றும், கனமான கயிறும் வேண்டும். அப்புறம், தண்ணீர் நிரப்பிய பலூன்கள். மீன் பிடிபட்ட பாரம் மாதிரி மடிக்குள் போட்டுப் பார்க்க. சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள்.

அன்புடன்
தேவயானி


நெய்வேலி
27.04.2025

அன்பு மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. மற்றபடி சுகம்.

வாய்க்கால் கரையில் நிலம் வைத்திருக்கிற அம்மா பேர் கலியம்மாள். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அந்த அம்மா உன் அம்மாவிடம் சொன்னது: "எங்க வாய்க்கால்ல கடல் வலையா? இன்னா கூத்தும்மா இது. எத்தினி வேணா போடுங்க, என் வரப்ப மட்டும் மிதிக்காதீங்க. நானும் வந்து பார்த்துக்கினு நிக்கிறேன்."

வளையம் தயார். பலூன் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாராம். மீனுக்கு என்று அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அப்பா


நாகப்பட்டினம்
18.05.2025

அன்புள்ள அப்பா,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு சிதம்பரம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. நீங்கள் மதகின் மேல் நின்று பார்த்தீர்கள். நான் தண்ணீருக்குள் நின்றேன். நான் பார்த்ததை எழுதிவைக்க வேண்டும் போல இருக்கிறது.

பழைய மடியை வளையத்தில் கட்டி இறக்கியதும் அது நீண்டு, பாம்பு மாதிரி இறுகியது. கண்ணிகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டன. மேலேயிருந்து வந்த கெண்டைக் குஞ்சுக் கூட்டம் உள்ளே போனது. முட்டின. திரும்பின. மறுபடியும் முட்டின. வழியே இல்லை. சிவக்குமார் கழுத்து வரை தண்ணீரில் குனிந்து, மூக்கு தண்ணீரில் படப் பார்த்துக்கொண்டே இருந்தார். என்னிடம் இல்லை, தனக்குள்ளே பேசுகிற மாதிரி சொன்னார்: "முப்பது வருசமா இழுக்குறேன். என் வலைய இன்னிக்குத்தான் பார்க்குறேன்."

புது மடி ஏன் தோற்றது என்பதும் அங்கேதான் தெரிந்தது. பலூன்களைப் போட்டதும் அது பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டது. வலையோடு சேர்த்துத் தைத்த இடத்தில் ஒரு பக்கம் கண்ணி அதிகமாகிவிட்டது. பிழை என்னுடையது, கணக்கில் நான் விட்டது. முறுக்கின இடத்தில் மீன் அடைத்துக்கொண்டு நின்று, வலையைத் தூக்கும்போது வாய் வழியே வெளியேறியிருக்கிறது. கலியம்மாளின் வரப்பிலேயே உட்கார்ந்து நால்வரும் அவிழ்த்துத் திரும்பத் தைத்தார்கள். மறுபடி இறக்கினோம்.

அப்பா, அது திறந்தது! அத்தனை கண்ணியும் சின்னச் சின்ன ஜன்னல் மாதிரி. வெயில் உள்ளே போய், அடி மணலில் கட்டம் கட்டமாக நிழல் விழுந்தது. பலூன்கள் அசையாமல் நின்றன. குஞ்சுக் கூட்டம் உள்ளே போன வேகத்திலேயே நான்கு பக்கமும் வெளியே வழிந்தது. என் முழங்காலில் பட்டுப் பட்டுப் போனது. கலியம்மாள் கரையில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். எதைக் கும்பிட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கும்பிட வேண்டும் போலத்தான் இருந்தது.

அப்புறம் நடந்ததைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. மதகில் கட்டியிருந்த கயிறு நழுவி வளையம் சுழன்றபோது நான் கரையேறி உங்களுக்குப் பின்னால் ஓடி வந்துகொண்டே, "அப்பா, விலகுங்க!" என்று கத்தினேன். திரும்பத் திரும்பக் கத்தினேன். தொண்டை இன்னும் கட்டியிருக்கிறது. தூரத்து வயலில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நழுவிய கயிறு காலை வாரி உங்களை வாய்க்காலில் தள்ளியது. சிவக்குமார் பாய்ந்து பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. மேலே வந்து, "நல்ல குளியல்" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

காது பரவாயில்லை என்று எழுதினீர்களே, அப்பா. எவ்வளவு கேட்கிறது?

தேவயானி


நெய்வேலி
15.06.2025

ஏட்டி தேவி,

அம்மா எழுதுறேன். எழுத்து கோணலா இருக்கும், பார்த்துப் படிச்சிக்கோ. நல்லா இருக்கியா?

உன் கடுதாசி வந்ததுலருந்து உங்கப்பா பேப்பரை எடுக்காரு, வைக்காரு. அவரு எழுத மாட்டாரு. அதான் நான். போன தீபாவளிக்கு முந்தியே மிச்சமிருந்த காதும் சுத்தமாப் போச்சி. மெஷின் வச்சாலும் பிரயோசனம் இல்லைன்னுட்டாரு டாக்டரு. நான் பேசுறதை உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சிக்கிடுதாரு. உன் போனு வந்தா நான் சைகை காட்டுவேன், அவரு சரிம்மா சரிம்மாம்பாரு. உன்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கியிருந்தாரு. இப்ப மீறிட்டேன், சாமி பார்த்துக்கிடட்டும்.

வேலையில யாருக்கும் தெரியாது. மைன்ஸுக்குள்ள வண்டியும் மெஷினுமா ஓடுற எடத்துல காது கேக்காத மனுசன் ஷிப்டு பார்க்காரு. அவரு திரும்பி வாசல்ல செருப்பைக் கழட்டுற வரைக்கும் எனக்கு உசுரு கையில. நீ ஒரு வார்த்தை எழுது. நீ சொன்னா கேப்பாரு.

நாகம்மாள்


நெய்வேலி
29.06.2025

அன்பு மகளுக்கு,

நீ எனக்குத் தனியாகப் போட்ட ஒற்றை வரிக் கடிதம் கிடைத்தது. "கேட்காவிட்டால் என்ன அப்பா, எனக்கு நீங்கள் வேண்டும்" என்று எழுதியிருந்தாய். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் போய் ஷிப்டு இன்ஜினியரைப் பார்த்தேன்.

பயந்தேனம்மா. தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று. அதைவிட, நீ என்னிடம் பேசுவதையே விட்டுவிடுவாயோ என்று. கேட்காதவனிடம் எத்தனை நாள்தான் கத்துவார்கள்?

இன்ஜினியர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் முகத்துக்கு நேராக மெதுவாகப் பேசினார். மெடிக்கல் பார்த்தார்கள். இப்போது ஸ்டோர்ஸில் போட்டிருக்கிறார்கள். சாமான் கொடுக்கிற வேலை. பக்கத்து மேஜைப் பையன்கள் எழுதிக் காட்டுகிறார்கள். அம்மா இப்போதுதான் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறாள்.

அன்றைக்கு வாய்க்காலில் நீ கத்தினது எனக்குக் கேட்கவில்லை. ஆனால் தண்ணீருக்குள் போனதும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அந்தக் கட்ட நிழலை உள்ளேயிருந்து பார்த்தேன். அதற்காகவே இன்னொரு தடவை விழலாம்.

தடை முடிந்ததே, சிவக்குமார் கடலுக்குப் போனாரா?

அப்பா


நாகப்பட்டினம்
20.07.2025

அன்புள்ள அப்பா,

ஸ்டோர்ஸ் வேலை பிடித்திருக்கிறதா? உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன். அம்மாவிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

சிவக்குமார் போனார். திருப்பித் தைத்த மடியோடு போனார். துறையில் அவர் சரக்கை இறக்கியபோது கூட்டம் கூடிவிட்டது. இறாலும் சங்கராவும் மற்றப் படகுகளுக்குக் குறையவில்லை. கழிசல் குவியல் என் கணுக்காலைக்கூடத் தொடவில்லை! தரம் பிரிக்கிற வேலை சீக்கிரம் முடிந்ததால் ஆட்கள் தூங்கிக்கொண்டே கரைக்கு வந்தார்களாம்.

ஆனால் மடி மேலே வரும்போது என்ன நடக்கிறது என்று யாரைக் கேட்டாலும் "சும்மா வருது மேடம்" என்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. நீங்கள் வருகிறீர்களா, அப்பா? சிவக்குமாரே கேட்டார், "வாய்க்கால்ல வுழுந்தவரு கடலுக்கு வருவாரா?" என்று. ஆகஸ்டில் அவர் உங்களைக் கூட்டிப்போகிற தேதியில் எனக்குக் கொச்சியில் கூட்டம். சத்யா வீட்டில் தங்கிக்கொள்ளலாம். நான் பார்க்க முடியாததைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

தேவயானி


நெய்வேலி
17.08.2025

அன்பு மகள் தேவயானிக்கு,

நேற்றுத்தான் வீடு வந்து சேர்ந்தேன். உடம்பு முழுக்க உப்பு. அம்மா இரண்டு தடவை குளிக்க வைத்துவிட்டாள். வேறு கோளாறு இல்லை. நீ கொச்சியிலிருந்து நல்லபடியாகத் திரும்பியிருப்பாய்.

முதலில் ஒரு சேதி. திரும்பி வருகிற வழியில் சிவக்குமார் போனில் தமிழில் அடித்து என் முன்னால் நீட்டினார். "அடுத்த பாட்டுக்குக் கடலுக்குப் போறப்ப தங்கச்சி படகுல ஏறட்டும். யாரும் ஏதாச்சும் சொன்னா நான் பார்த்துக்கிறேன்." மேடம் என்று போடவில்லை, கவனி.

இனி நீ கேட்டது.

விடியுமுன் கிளம்பினோம். கரை மறைந்தது. இத்தனை பெரிசை ஒரே பார்வையில் நான் பார்த்ததே இல்லை. மைன்ஸ் பள்ளத்தைப் பார்க்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அதற்காவது மறுகரை உண்டு. இதற்கு எந்தப் பக்கமும் இல்லை. படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். எஞ்சினின் ஓட்டம் உள்ளங்கை வழியாக ஏறி நெஞ்சுக்குள் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஏதோ கேட்கிற மாதிரி இருந்தது.

வெயில் ஏறினதும் வலையைத் தூக்க ஆரம்பித்தார்கள். பெரிய உருளை சுற்றச் சுற்றக் கம்பி ஏறி வந்தது. சிவக்குமார் என் தோளைத் தட்டிப் பின்பக்கம் கையைக் காட்டினார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கரும்பச்சைத் தண்ணீர்தான். பிறகு அடியில் ஒரு வெளுப்பு. மேலே வர வர அது பெருத்தது. மடிதான். அதைச் சுற்றிலும் வெள்ளி வழிந்ததம்மா. வேறு எப்படிச் சொல்ல என்று தெரியவில்லை. காரல் மீன் குஞ்சுகளாம். ஆயிரமா, லட்சமா, நான் எண்ணுகிற கணக்கில் இல்லை. ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் பிதுங்கி வெளியே வந்து, ஒரு கணம் திகைத்து நின்று, வெயிலில் ஒரு பக்கம் பளீரென்று மின்னி, அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பிக் கீழே போயின. கீழே, இன்னும் கீழே, கண் எட்டுகிற ஆழம் வரைக்கும் மின்னிக்கொண்டே போயின. மடி மட்டும் பெரிய மீன்களோடு கனத்துத் தொங்கியது.

கையில் பிடித்திருந்த எஞ்சின் ஓட்டம் திடீரென்று நின்றது. சிவக்குமார் நிறுத்தியிருக்கிறார். இழுத்துக்கொண்டிருந்தவர்களும் கயிற்றைக் கட்டிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்கள். இத்தனை வருஷம் அவர்கள் வலையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது, தண்ணீரைப் பார்க்கவில்லை.

வெள்ளி எல்லாம் கரைந்து மறைகிற வரைக்கும் படகில் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. காது கேட்காத எனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பாய். நான் ஒவ்வொரு முகமாகத் திரும்பிப் பார்த்தேன். எல்லார் வாயும் திறந்திருந்தது. ஒரு உதடும் அசையவில்லை.

உன் அப்பா,
கருப்பசாமி